ஐந்து மீட்டர், ஐம்பது மீட்டர், ஐந்நூறு மீட்டர்

என் பேரனுக்கு மூளை முடக்குவாதம். பிறந்த சமயத்தில் மூளைக்கு நேர்ந்த பாதிப்பு இனிமேல் பெரிதாகாது, மறைந்தும் போகாது என்று அவன் கைக்குழந்தையாக இருந்தபோதே மருத்துவர்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். இரண்டு கால்களிலும் தசை இறுக்கம் உண்டு. வலது கை சற்று மந்தம். பேச்சு நன்றாக வரும், அவசரப்படுத்தினால் மட்டும் திக்கும். இப்போது ஏழாம் வகுப்பு படிக்கிறான். அவனுடைய மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் அச்சிடப்பட்டிருக்கும் பாதிப்பின் சதவீதம் ஐந்து வயதில் இருந்த அதே சதவீதம்தான். ஆனால் ஒரு நாளில் அவன் தானாகச் செய்துகொள்ளும் காரியங்கள் இந்த ஆண்டுகளில் பலமுறை கூடியிருக்கின்றன, சிலமுறை குறைந்தும் இருக்கின்றன. அந்த ஏற்ற இறக்கத்துக்கு அவன் கால்களைவிட வாசற்படியும், பள்ளிக்கூட பெஞ்சும், தெருவை அடைத்து நிற்கும் வண்டிகளும், பக்கத்து வீட்டுப் பையன்களும்தான் பெரும்பாலும் காரணம் என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன்.

நான் சென்னை பெரம்பூர் இணைப்பு ரயில்பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எதையும் டேப் பிடித்து அளந்து பார்த்தால்தான் எனக்கு மனம் ஒப்பும். மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால், பேரனுடைய பகல் பொழுது பெரும்பாலும் என்னிடமும் அவன் ஆயாவிடமும், அதாவது பாட்டியிடமும்தான் கழியும். ஆகவே இங்கே எழுதுவது மருத்துவக் குறிப்பு அல்ல. வீட்டையும் தெருவையும் அளந்து, அறுத்து, வெல்டிங் வைத்துப் பார்த்த ஒருவனுடைய குறிப்பு.

இயன்முறை சிகிச்சை கொடுக்கும் அம்மா ஒருவர் ஒருமுறை என்னிடம், "ஐயா, இவன் நடப்பானா என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். எவ்வளவு தூரம், எங்கே என்று சேர்த்துக் கேளுங்கள்" என்றார். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளின் உடல் இயக்கத்தை ஐந்து நிலைகளாகப் பிரிக்கும் முறை ஒன்று 1997-இல் கனடாவில் உருவாக்கப்பட்டது. அதில் என் பேரன் மூன்றாம் நிலை, அதாவது கையில் பிடித்துக்கொள்ள ஒரு சாதனம் இருந்தால் நடப்பான், தூரம் கூடினால் சக்கர நாற்காலி வேண்டும். 2004-இல் மெல்போர்னில் உருவான இன்னொரு அளவுகோல், பிள்ளை ஐந்து மீட்டர், ஐம்பது மீட்டர், ஐந்நூறு மீட்டர் ஆகிய மூன்று தூரங்களை எப்படிக் கடக்கிறது என்று தனித்தனியாகக் கேட்கிறது. ஏறக்குறைய வீடு, பள்ளி, ஊர் என்று வைத்துக்கொள்ளலாம். எனக்கு இந்த அளவுகோல் மிகவும் பிடித்துவிட்டது. பிள்ளையின் காலை மட்டும் பார்க்காமல், கால் வைக்கிற இடத்தையும் பார்க்கச் சொல்லும் அளவுகோல் அது.

ஐந்து மீட்டரிலிருந்து தொடங்குகிறேன். அவனுக்கு ஏழு வயது ஆகும்வரை நாங்கள் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். படிக்கட்டு செங்குத்தானது, ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் கைப்பிடியே இல்லை. கழிவறை கீழே, நான்கு குடித்தனங்களுக்குப் பொதுவாக, இந்தியன் டாய்லெட். அந்த வீட்டில் பேரன் நடந்தது மிகக் குறைவு. அவனால் முடியாமல் இல்லை. சிகிச்சைக்குப் போன இடத்தில் இணைக்கம்பிகளுக்கு நடுவே அழகாக நடப்பான். வீட்டுக்கு வந்தால் கட்டிலிலிருந்து பாய்க்கும், பாயிலிருந்து மடிக்கும் தூக்கிச் செல்லப்படுவான். தண்ணீர் பிடித்து வைத்த குடங்கள் நடைவழியில் வரிசையாக நிற்கும்போது வாக்கரை எங்கே உருட்டுவது? தூக்கித் தூக்கி என் மகளுக்கு இடுப்பு வலி நிரந்தரமாகிவிட்டது. பையனுக்கோ, யாராவது தூக்குவார்கள் என்று கையை நீட்டிக் காத்திருக்கும் பழக்கம் வந்துவிட்டது.

பிறகு தண்டையார்பேட்டையில் தரைத்தளத்தில் ஒரு வீடு பார்த்தோம். வாடகை கூடுதல், மகளுக்கு வேலைக்குப் போகும் தூரமும் கூடுதல். அறைகள் பழைய வீட்டைவிடப் பெரியவையும் அல்ல. ஆனால் கழிவறை உள்ளே இருந்தது, வாசல் கேட் வரைக்கும் சிமெண்டு போட்ட சிறு முற்றம் இருந்தது. குடிபோன சில வாரங்களில், காலையில் பால் பாக்கெட் வாங்குவது பேரனுடைய வேலையாகிவிட்டது. வாக்கரின் குறுக்குக் கம்பியில் ஒரு துணிப்பையை மாட்டிக்கொண்டு கேட் வரை போவான், பால்காரரோடு கிரிக்கெட் ஸ்கோர் பேசுவான், பையை ஆட்டிக்கொண்டே திரும்பி வருவான். அவன் தசையில் எந்த மாற்றமும் இல்லை. அந்த இடைவெளியில் புதிய சிகிச்சை எதுவும் தொடங்கவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2001-இல் வெளியிட்ட வகைப்பாட்டில், ஒருவர் சோதனை அறையில் என்ன செய்யக்கூடியவர் என்பதையும், தான் வாழும் இடத்தில் உண்மையாக என்ன செய்கிறார் என்பதையும் வெவ்வேறாகக் குறிக்க வேண்டும் என்று இருக்கிறது. பொருட்கள், இயற்கைச் சூழல், உடனிருப்போரின் துணை, அவர்களுடைய மனப்பாங்கு, அரசின் சேவைகளும் சட்டங்களும் என்று சுற்றுச்சூழலையும் அது பிரித்து வைத்திருக்கிறது. இதை அந்தச் சிகிச்சை அம்மா விளக்கியபோது, இரண்டு வீடுகளில் நான் கண்ணால் கண்டதற்குச் சாட்சி கிடைத்தது போல இருந்தது. ஐரோப்பாவில் ஏழு நாடுகளில் 8 முதல் 12 வயது வரையுள்ள 818 பிள்ளைகளை வைத்து நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வும் அதைத்தான் காட்டுகிறது: பாதிப்பின் தீவிரம் ஒரே அளவில் இருந்தாலும் பிள்ளைகள் அன்றாட வாழ்வில் பங்கெடுப்பது ஊருக்கு ஊர் வேறுபட்டது, டென்மார்க் பிள்ளைகள் தொடர்ந்து முன்னால் நின்றார்கள். டென்மார்க் எனக்குத் தெரியாது. ஆனால் பழைய வண்ணாரப்பேட்டைக்கும் தண்டையார்பேட்டைக்கும் நடுவிலேயே அந்த வேறுபாட்டை நான் பார்த்துவிட்டேன்.

புது வீட்டு வாசலில் ஏழு அங்குல உயரத்தில் ஒரே ஒரு படி இருந்தது. சாய்தளம் அமைக்க வேண்டுமென்றால் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கட்டட விதி. ஏழு அங்குலத்துக்கு ஏழு அடி வேண்டும். எங்கள் முற்றமே ஐந்தடிதான். எனவே இரண்டு வேலை செய்தேன். படியின் ஒரு பாதியில், வாக்கரின் நான்கு கால்களும் நிற்கிற அகலத்தில், மூன்றரை அங்குலத்துக்கு ஓர் அரைப்படி கட்டி, பக்கத்தில் கம்பி வைத்தேன். அதில் அவனே ஏறி இறங்குவான். மறு பாதியில், காயலாங்கடையில் வாங்கிய செக்கர் பிளேட்டை, அதாவது மேலே புடைப்புக் கோடுகள் உள்ள இரும்புத் தகட்டைக் கீல் வைத்து மாட்டி, சக்கர நாற்காலி போகும்போது மட்டும் கீழே இறக்கிப் போடும்படி செய்தேன். இதன் சரிவு விதியைவிட அதிகம். ஆகவே பின்னால் பெரியவர் ஒருவர் பிடிக்காமல் அதில் நாற்காலியை இறக்க விடமாட்டோம். செக்கர் பிளேட் மழையில் வழுக்கும் என்பதால் மேலே பழைய கன்வேயர் ரப்பரை ஒட்டியிருக்கிறேன். வாடகை வீடுதானே என்று தயங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன்: அரைப்படியைச் சிமெண்டில் கட்டாமல் மரப்பெட்டியாகச் செய்தாலும் போதும், வீடு மாறும்போது கூடவே எடுத்துக்கொண்டு போகலாம்.

கழிவறையில் வெஸ்டர்ன் கோப்பை வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். உட்கார்ந்த பிள்ளையின் பாதம் தரையைத் தொடாவிட்டால் அவனுக்கு அது உத்தரத்தில் உட்கார்ந்திருப்பது மாதிரி. உடம்பு முழுக்க விறைக்கும், வயிறு எப்படி இளகும்? காலுக்கு அடியில் ஒரு மணைப்பலகை போட்ட பிறகுதான் அவன் நிம்மதியாக உட்கார்ந்தான். கைப்பிடிக் கம்பியை அவனுடைய இடது பக்கத்தில், உட்கார்ந்திருக்கும்போது முழங்கை மட்டத்தில் பொருத்தினேன். பிளம்பர் வலது பக்கம்தான் வசதி என்று வாதாடினார். அவருக்கு அது வசதி. பிள்ளையை உட்கார வைத்து, அவன் கை தானாக எங்கே போகிறது என்று பார்த்து, அந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்ட பிறகே டிரில்லைக் கையில் எடுக்க வேண்டும்.

அரசு கொடுக்கும் சிறப்புச் சக்கர நாற்காலிக்கும் இந்த அளவெடுக்கும் விஷயம் பொருந்தும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தின் வழியாகக் கிடைக்கும் நாற்காலி நல்ல பொருள்தான். ஆனால் எங்கள் பகுதியில் பல வீடுகளின் உள்வாசல் அகலம் இரண்டடிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். நாற்காலி வந்து சேர்ந்து, நிலைக்கு வெளியே நின்று, கடைசியில் துணி காயப்போடும் பொருளாகிப்போன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். விண்ணப்பம் கொடுக்கும் முன்பே மூன்று அளவுகளைக் குறித்துக்கொண்டு போங்கள்: வாசலின் அகலம், உள்ளே நாற்காலியைத் திருப்புவதற்கான இடம், பிள்ளையின் இடுப்பு முதல் முழங்கால் மடிப்பு வரையிலான நீளம். மூன்றாவது அளவு ஆண்டுதோறும் மாறும்.

பொருட்களைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்துவிட்டேன். நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலை ஆறரையிலிருந்து எட்டு மணி வரை எங்கள் வீட்டில் தண்ணீர் பிடிப்பது, சமையல், இரண்டு பேர் வேலைக்குக் கிளம்புவது எல்லாம் ஒன்றாக நடக்கும். அந்த நேரத்தில் பேரன் தானே சட்டை போட்டுக்கொள்ள ஆரம்பித்தால் இருபது நிமிடம் ஆகும். நாங்கள் போட்டுவிட்டால் இரண்டு நிமிடம். எந்த வீட்டிலும் இரண்டு நிமிடம்தான் ஜெயிக்கும். சட்டை போடக் கற்றுக்கொண்ட பிள்ளை அதை மறப்பது இப்படித்தான். நாங்கள் செய்த ஏற்பாடு எளிமையானது: பள்ளி நாட்களில் காலையில் நாங்கள் போட்டுவிடுவோம், மாலையில் சீருடையைக் கழற்றி வீட்டுச் சட்டை போடுவது முழுக்க அவன் வேலை, அப்போது யாரும் கிட்டே போவதில்லை. இரண்டு சுவர்கள் சேரும் மூலையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொள்வான். விழுந்துவிடுவோம் என்ற பயம் இல்லாததால் கைகள் வேலை செய்யும். போடும்போது மந்தமான வலது கை முதலில் நுழைய வேண்டும், கழற்றும்போது அது கடைசியில் வர வேண்டும். மேல் பொத்தான்களுக்குப் பதிலாக ஆயா பிரஸ் பட்டன் தைத்துக் கொடுத்தாள்.

சாப்பாட்டுத் தட்டுக்கு அடியில் ஈரத்துணியை மடித்துப் போட்டால் தட்டு நகராது. கரண்டிப் பிடியில் சைக்கிள் டியூபைச் சுற்றினால் பிடி தடிமனாகும். இதற்கென்று விலை கொடுத்து வாங்கும் சாமான்களைவிட இவை மோசமில்லை.

இனி ஐம்பது மீட்டர், அதாவது பள்ளி. அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் படிக்கிறான். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, அரசு நிதி பெறும் அல்லது அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள் கட்டடத்தையும் வளாகத்தையும் எல்லோரும் பயன்படுத்தும்படி அமைக்க வேண்டும் என்கிறது. 31-ஆவது பிரிவு, நாற்பது சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு உள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்விக்கான உரிமையைத் தருகிறது. சட்டம் கையில் இருந்தாலும், பழைய கட்டடத்தில் லிஃப்ட் வைக்கச் சொல்லி நான் சண்டைக்குப் போகவில்லை. ஆறாம் வகுப்பு மாடியில் இருந்தது. தலைமை ஆசிரியரைச் சந்தித்து, அவனுடைய வகுப்பறையை மட்டும் கீழே இருந்த ஓவிய அறையோடு மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். அவர் அன்றைக்கே கால அட்டவணையை எடுத்துப் பார்த்து, முடியும் என்றார். பையனை மாடிக்குத் தூக்கிச் செல்ல நான்கு மாணவர்களை நியமிக்கலாம் என்று வேறொரு யோசனையும் அங்கே எழுந்தது. அதை நான் பணிவாக மறுத்தேன். தூக்கப்படுகிற பிள்ளை இடைவேளையில் கீழே போகலாமா வேண்டாமா என்பதை அந்த நான்கு பேரும்தான் முடிவு செய்வார்கள்.

அறை மாறிய பிறகும் அவன் கையெழுத்து கோணலாகவே இருந்தது. வகுப்பாசிரியை, "எழுத்து வராது போலிருக்கிறது, சொல்லி எழுதுபவரை இப்போதே ஏற்பாடு செய்யலாமா?" என்று அக்கறையோடுதான் கேட்டார். நான் அனுமதி வாங்கி ஒருநாள் வகுப்பின் கடைசியில் உட்கார்ந்து பார்த்தேன். பெஞ்சு அவனுக்கு உயரம். பாதங்கள் தரைக்கு மேலே நான்கு விரற்கடை தூரத்தில் தொங்கின. தொங்குகிற கால்கள் ஒன்றன்மேல் ஒன்று கத்தரிபோட்டு இறுகியிருந்தன. இடுப்பு முன்னால் சறுக்கிக்கொண்டே போக, விழாமல் இருப்பதற்காக இடது கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தான். எழுத வேண்டிய கையே அதுதான்! ஒரு வரி எழுதுவான், பிடித்துக்கொள்வான், மறுபடி ஒரு வரி எழுதுவான்.

இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் செங்கோணத்தில் இருக்கும்படி உட்கார வைப்பதுதான் இதற்கு அடிப்படை. பழைய பாக்கிங் மரத்தில் ஒரு கால்பலகை செய்து, அது நகராதபடி பெஞ்சின் காலோடு கிளாம்ப் போட்டு இணைத்தேன். முன்னால் சறுக்காமலிருக்க இருக்கைமேல் ரப்பர் பாய் ஒரு துண்டு. மேசைமேல் முழங்கை இரண்டும் ஊன்றுவதற்கு, உடம்பு உள்ளே போகிற அளவுக்கு வளைவாக வெட்டிய ஒரு ப்ளைவுட் பலகை. எல்லாம் சேர்ந்து ஆன செலவு ஒரு சக்கர நாற்காலியின் டயர் விலைகூட இல்லை. எழுத்து முத்து முத்தாக ஆகிவிடவில்லை. ஆனால் ஆசிரியை படித்துத் திருத்தும்படி ஆயிற்று, கரும்பலகையில் இருப்பதை முக்கால்வாசி எழுதி முடிக்கிறான். பொதுத்தேர்வுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரமும், சொல்வதை எழுதுபவரும் தமிழ்நாட்டில் கிடைக்கும்; பத்தாம் வகுப்பில் அதைக் கேட்டுப் பெறுவோம். நல்ல இருக்கை கொடுத்துப் பார்க்காமலே எழுத்தைப் பறித்துவிடக் கூடாது என்பதுதான் என் வாதம்.

விளையாட்டு வகுப்பு இன்னும் தீரவில்லை. மற்றவர்கள் மைதானத்துக்குப் போகும்போது இவன் பைகளுக்குக் காவல். "அவனும் மைதானத்தில்தானே இருக்கிறான்" என்று எனக்குச் சமாதானம் சொன்னார்கள். கல்யாண மண்டபத்தில் செருப்பைப் பார்த்துக்கொள்கிறவரும் மண்டபத்தில்தான் இருக்கிறார்.

ஐந்நூறு மீட்டருக்கு வருகிறேன். எங்கள் தெருவிலிருந்து திருவொற்றியூர் நெடுஞ்சாலை ஒரு சிறுநடை தூரம்தான். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ 2021 பிப்ரவரி 14-இல் திறக்கப்பட்ட பிறகு, தண்டையார்பேட்டை நிலையத்தில் லிஃப்டில் இறங்கினால் நடைமேடையும் ரயில் தளமும் ஒரே மட்டத்தில் இருப்பதால், சக்கர நாற்காலியை யாரும் தூக்காமல் நகரத்தின் மறுமுனை வரை போய்வர முடிகிறது. முப்பது ஆண்டுகள் ரயில்பெட்டி செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: புறநகர் ரயிலில் நடைமேடைக்கும் பெட்டிக்கும் நடுவே இருக்கும் அந்த உயர வித்தியாசம்தான் இவனைப் போன்ற பிள்ளைகளை வீட்டில் உட்கார வைத்தது. பேருந்தும் அப்படியே, மாநகரப் போக்குவரத்துக் கழகம் 2024-இல் தாழ்தளப் பேருந்துகளை மீண்டும் இயக்கத் தொடங்கியது நல்ல காரியம், ஆனால் பேருந்து நடைபாதையை ஒட்டி நிற்காமல் நடுச்சாலையில் நின்றால், இறக்கிவிடும் பலகை சாலையில் விழுந்து செங்குத்தாகிவிடுகிறது.

மெட்ரோ வந்த பிறகு தடை எங்கே இருக்கிறதென்றால், லிஃப்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில். நடைபாதையில் இரு சக்கர வண்டிகள், மழைநீர் வடிகாலின் எழும்பிய மூடி, மணல் கொட்டி வைத்த வீடு. இதற்கு என்னிடம் பொதுத் தீர்வு இல்லை. எங்கள் தெருவில் மட்டும், வீடு வீடாகப் போய், வண்டிகளை எல்லாம் ஒரே பக்கமாக நிறுத்தும்படி கேட்டுக்கொண்டோம். முக்கால்வாசி நாட்களில் நடக்கிறது. மூன்றடி வழி எப்போதும் திறந்திருந்தால் எங்களுக்குப் போதும், தள்ளுவண்டிக்காரருக்கும் அது உதவியாயிற்று.

ஓசையும் ஒரு தடை என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. தசை இறுக்கம் உள்ள பிள்ளைகள் திடீர்ச் சத்தத்துக்கு உடம்பு முழுதும் துள்ளி விறைப்பார்கள். பயம் என்று அதைச் சொல்ல முடியாது, மூளை அடக்க முடியாத ஒரு அனிச்சைச் செயல் அது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரியின் ஏர் ஹாரன் பின்னாலிருந்து அலறினால் பேரன் வாக்கரோடு சரிவான். ஆகவே பெரிய சாலையில் நாற்காலி, உள்தெருவில் வாக்கர் என்று வகுத்துக்கொண்டோம். சாவு ஊர்வலம் எங்கள் பக்கத்தில் பறையும் பட்டாசுமாகத்தான் போகும். அதை நிறுத்தச் சொல்ல நான் யார்? ஆனால் தெருப் பையன்களிடம் விஷயத்தை விளக்கிச் சொன்னதிலிருந்து, திரி கொளுத்தும் முன்பு ஒருவன் ஓடிவந்து, "தாத்தா, சரம் வைக்கப் போறோம், தம்பிய கெட்டியா புட்ச்சிக்கோ" என்று சொல்லிவிட்டுப் போகிறான். முடி வெட்டும் கடைக்காரர் இன்னும் ஒரு படி மேல்: டிரிம்மரை முதலில் பேரன் கையில் கொடுத்து, அவனையே சுவிட்சைப் போடச் சொல்லி, அதிர்வு பழகிய பிறகுதான் காதருகே கொண்டுபோவார். இதை எந்தப் பயிற்சி வகுப்பும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

மழைக்காலம் தனிப் பிரச்சினை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தெருவில் தண்ணீர் வடியும்வரை அவன் கட்டிலை விட்டு இறங்கவில்லை. நீட்டி மடக்காத தசை சில நாட்களிலேயே இறுகிவிடும், பிறகு காலை மடங்காமல் பிடித்து வைக்கும் ஸ்பிளின்ட்டுக்குள் கால் நுழையவே அடம்பிடிக்கும். அக்டோபர் பிறந்தால் ஸ்பிளின்ட், மாத்திரைகள், அடையாள அட்டையின் நகல் ஆகியவற்றை மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பாவில் பரண்மேல் ஏற்றிவிடுகிறோம். வெளியே போக முடியாத நாட்களில், சாப்பிடும் இடத்தைக் கட்டிலிலிருந்து வேண்டுமென்றே தூரமாக மாற்றுவோம். வெயில் காலத்தில் ஸ்பிளின்ட்டுக்குள் வியர்த்துப் புண்ணாகும். பருத்திக் காலுறை இரண்டு ஜோடி, மதியம் ஒருமுறை மாற்ற வேண்டும்.

கடற்கரைக்குப் போவதைப் பற்றி ஒரு வார்த்தை. மெரினாவில் மணல்மேல் சக்கர நாற்காலி போவதற்கான மரப்பாதை 2022 நவம்பரில் திறக்கப்பட்டு, அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமாகி, பிறகு சீர்செய்யப்பட்டது. அதில் போய் அவன் அலையைத் தொட்டிருக்கிறான். ஆனால் எங்களுக்கு அருகில் இருக்கிற கடல் காசிமேட்டுக் கடல்; கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகளுக்கு அப்பால் அது இருக்கிறது. சத்தம் மட்டும் வீட்டு வாசல் வரை வரும்.

அவனுடைய நாளை மெய்யாகவே பெரிதாக்கியது கேரம். வட சென்னையில் கேரம் போர்டு இல்லாத தெரு அபூர்வம். செரியன் நகரைச் சேர்ந்த காசிமா 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கம் வென்று வந்த பிறகு, பையன்களைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. எங்கள் பக்கத்துத் தெருச் சங்கத்தில், மஞ்சள் பல்புக்குக் கீழே, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் இரண்டு போர்டுகள் ஓயாமல் ஓடும். பேரனை முதலில் பார்க்க உட்கார வைத்தார்கள். பிறகு பாயிண்ட் எழுதச் சொன்னார்கள். அதில் அவனுக்குச் சந்தோஷம்தான். எனக்கு மட்டும் பள்ளி மைதானத்துப் பைகள் நினைவுக்கு வந்தன.

கேரமில் எனக்குப் பிடித்த விஷயம், ஆட்டக்காரர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது, நாற்காலியை நகர்த்தவும் கூடாது என்ற விதி. எல்லோரும் உட்கார்ந்துதான் ஆட வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிற விளையாட்டு இது. அந்த ஒரு விதியால் என் பேரனுக்கும் மற்றவர்களுக்கும் இருந்த தூரத்தில் பாதி கரைந்துவிட்டது. மீதிப் பாதி போர்டின் உயரத்தில் இருந்தது. ஸ்டாண்டு பெரியவர்களுக்கானது, விளிம்பு இவன் மார்பு வரை வந்தது, தோளைத் தூக்கிக்கொண்டு அடித்தான், ஸ்டிரைக்கர் எகிறியது. நான் ஸ்டாண்டைத் தொடவில்லை. அது எல்லோருக்கும் பொது. நாற்காலியை உயர்த்தி, அதற்கேற்பக் கால்பலகையையும் உயர்த்தி, விளிம்பு முழங்கைக்குச் சற்றுக் கீழே வரும்படி செய்தேன். இன்னொரு தொல்லை: இடது விரலால் சுண்டும்போதெல்லாம் வலது கையும் கூடவே துள்ளி எழுந்து போர்டைத் தட்டும். சிகிச்சை அம்மாவிடம் கேட்டதற்கு, அந்தக் கைக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கொடுங்கள் என்றார். நாற்காலியின் வலது கையில், கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு மரக்குமிழை நிறுத்தி வைத்தேன். ஆட்டத்துக்கு உட்கார்ந்ததும் வலது கையால் அதை இறுகப் பிடித்துக்கொள்வான். உடம்பு அசையாமல் நிற்கும். இடது ஆள்காட்டி விரல் மட்டும் தனியாக வேலை செய்யும்.

நெட்டில் விழுந்த காய்களை எடுத்துக் கொடுப்பது எதிரில் இருப்பவர் வேலை என்று பையன்களே ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். அவன் அடிக்கும்போது யாரும் நேரம் எண்ணுவதில்லை, அவ்வளவுதான் சலுகை, தோற்றால் தோற்றதுதான். சிவப்பைப் போட்டுவிட்டு ஃபாலோ போடத் தவறினால், "இன்னாடா, கோட்ட வுட்டியா!" என்று மற்றவனைத் திட்டுகிற அதே குரலில் இவனையும் திட்டுகிறார்கள். வாரக் கடைசியில் அவனைக் கேட்காமலே ஜோடியில் பேர் சேர்த்துவிடுகிறார்கள். சங்கத்தின் வாசலில் இருந்த ஒற்றைப் படிக்கு ஒரு பலகை போட்டுத்தர நான் கிளம்புவதற்குள், அவர்களே ஒரு பழைய கதவைக் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். நான் போய் அதன் அடியில் இரண்டு கட்டைகளை ஆணியடித்துவிட்டு வந்தேன்; இல்லாவிட்டால் நடுவில் வளையும்.

அடுத்து எங்களுக்கு இருக்கும் வேலை பள்ளியின் அறிவியல் ஆய்வகம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து செய்முறைக்கு அங்கேதான் போக வேண்டும், அது இரண்டாம் மாடியில் இருக்கிறது. ஓவிய அறையை மாற்றிக்கொண்டது போல ஆய்வகத்தை மாற்ற முடியாது. தண்ணீர்க் குழாயும் எரிவாயு இணைப்பும் இருக்கிற அறை. சில சோதனைகளுக்கு மட்டுமான சாமான்களை ஒரு தள்ளுமேசையில் கீழே கொண்டுவந்து, அவனுடைய வகுப்பு முழுவதற்குமே கீழேயே செய்முறை நடத்த முடியுமா என்று கேட்டு, 16-ஆவது பிரிவைக் குறிப்பிட்டுத் தலைமை ஆசிரியருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் வட்டார வள மையத்துக்கும் ஒரு நகல் போயிருக்கிறது. தள்ளுமேசையின் உயரம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைக் கடிதத்திலேயே எழுதிவிட்டேன், பக்கத்தில் ஒரு படமும் வரைந்து.